மூன்று வெட்டு விழுந்த வால்

அத்தியாயம் பதினான்கு

நல்லம்மா கண்மூடி முப்பது நாளாகிவிட்டது. அவருடைய வயது என்ன என்பதில் குடும்பம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அடையாள அட்டை எழுபத்தெட்டு என்றது. கூடவே இருந்து பார்த்த மகள் கோணேஸ்வரி எண்பது என்றாள். மூத்த மகன் முருகேசு எண்பத்தொன்றில் பிடிவாதமாக நின்றார். எண்பத்தொன்று என்றால்தான் நினைவுப் புத்தகத்தின் அட்டையில் 'ஆயிரம் பிறை கண்ட அன்னை' என்று போடலாம். அதற்காகத் தாயாரை மூன்று வருஷம் முன்னதாகவே பிறக்க வைப்பதில் அவருக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. ஓய்வு பெற்ற பிரதிக் கல்விப் பணிப்பாளர் அவர். புள்ளிவிபரங்களைத் தேவைக்கேற்ற மாதிரி நிமிர்த்திப் பழகிய கை.

போன கிழமை இந்தச் சல்லிக் கடலோரக் கிராமத்துப் பக்கம் வராதவர்களுக்கு இரண்டு வரி. கொழும்பில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை பார்க்கும் பேர்த்தி, கோணேஸ்வரியின் மகள் லக்சாயினி, செத்தவீட்டுக்கு வந்து எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவோடு திரும்பிப் போனவள், நாளைய முப்பத்தோராம் நாளுக்காக மறுபடி வந்து இறங்கியிருக்கிறாள். கல்வெட்டுக்குப் பொறுப்பு பெரிய மாமா முருகேசு. எழுதுவது கவிமாமணி சித்திரவேல். இரண்டு பேரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று வாசகர்கள் பயந்தது போலவேதான் நடந்தது.

கல்வெட்டு என்றதும் கல்லையும் உளியையும் தேட வேண்டாம். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்குக் கைகழுவியதும் கொடுக்கப்படும் நினைவுப் புத்தகம் அது. எங்கள் ஆட்கள் ஒரு மனிதர் உயிரோடு இருக்கும்போது அவரைப் பற்றி இரண்டு வரி எழுதமாட்டார்கள். செத்து முப்பத்தொரு நாளைக்குள் இருபத்துநாலு பக்கம் எழுதிவிடுவார்கள்.

காலை ஒன்பது மணிக்கு அதன் அச்சுப்படியோடு பாலையூற்றிலிருந்து முருகேசுவின் கார் வந்து நின்றது.

"எல்லாரும் வாங்கோ. ஒருக்கா வாசிச்சுப் பாப்பம்" என்று விறாந்தைக் கதிரையில் சரிந்து உட்கார்ந்தார். எல்லாரும் என்றால் இரண்டு பேர். கோணேஸ்வரி நாளைக்கான மாவை இடித்துக்கொண்டே "நீங்கள் வாசியுங்கோ அண்ணா, காது இங்கதான் கிடக்கு" என்றாள். லக்சாயினி மட்டும் பக்கத்தில் வந்து நின்றாள்.

அட்டையில் அம்மம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தார். வாழ்நாளில் அவர் கட்டாத சேலை. அடையாள அட்டைப் படத்திலிருந்த தலையை வெட்டி, படப்பிடிப்புக் கடைக்காரன் வேறு யாரோ பெண்ணின் கழுத்தில் ஒட்டியிருந்தான். அந்தக் கழுத்தில் இரட்டைப்பட்டுச் சங்கிலி வேறு. அம்மம்மாவின் முகம் மட்டும், 'இதெல்லாம் ஆற்ற நகை?' என்று கேட்பது போல முழித்துக்கொண்டிருந்தது.

"வேற படம் இல்லையா மாமா?"

"எங்க கிடக்கு? ஒருத்தரும் எடுக்கேல்லையே."

அது உண்மை. லக்சாயினியின் கைப்பேசியில் நாலாயிரம் படம் இருந்தது. காலிமுகத்திடலில் இறால் வடை கூட இருந்தது. அம்மம்மா இருக்கவில்லை.

வாழ்க்கை வரலாறு பதினொரு பக்கம். நல்லம்மா பிறந்தது, கல்யாணம் முடித்தது, முப்பத்தொரு வயதில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தது, இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது எல்லாம் நாலு பக்கத்துக்குள் அடங்கிவிட்டன. ஐந்தாம் பக்கத்தில் முருகேசு பரீட்சை பாஸ் பண்ணுகிறார். அதற்குப் பிறகு அந்த வரலாற்றில் நல்லம்மாவுக்கு இடமில்லை. மிச்சம் ஏழு பக்கமும் முருகேசு வகித்த பதவிகள்.

"மூன்றாம் பக்கம் கேள். 'கடலுணவு உற்பத்தித் துறையில் கால்பதித்த முன்னோடிப் பெண் தொழில் முனைவர்.' எப்பிடி?"

"கருவாடு எண்ட சொல்லையே காணேல்ல மாமா."

"கல்வெட்டில கருவாடா? ஆக்கள் கையில வச்சு வாசிக்கிற புத்தகம் பிள்ளை."

குசினிக்குள் உலக்கை ஒருதரம் தவறியது போல நின்று, மறுபடி விழுந்தது. "ஓம், மணக்கும்" என்றாள் கோணேஸ்வரி. "அந்த மணத்தில படிச்சதாலதான் அண்ணாவுக்கு மூக்கு இவ்வளவு கூர்."

முருகேசு கேட்காதவர் போலப் பக்கத்தைப் புரட்டினார். பதினைந்தாம் பக்கத்தில் புலம்பல்கள் தொடங்கின. மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல். குடும்பத்தில் யார் யார் எப்படி எப்படி அழுதார்கள் என்பதைச் சித்திரவேலே எல்லாருக்குமாக அழுது வைத்திருந்தார். பதினேழாம் பக்கத்தில், 'பேர்த்தி லக்சாயினி புலம்பல்' என்று தடித்த எழுத்தில் இருந்தது.

*காலையும் மாலையும் கால்பிடித்து நின்றேனே*
*பாலும் பழமும் பரிந்தூட்டி வந்தேனே*
*பாயோடு நீகிடந்த பத்தாறு நாளிலும்*
*தாயாகி உன்னருகில் தங்கி இருந்தேனே!*

லக்சாயினி இரண்டுதரம் வாசித்தாள். காது சுட்டது.

"மாமா, இது பொய்."

"எது?"

"அம்மம்மா படுத்தது நாலு நாள். அந்த நாலு நாளும் நான் வரேல்ல. அதுக்கு முதலும் பதினாலு மாசமா வரேல்ல. நான் வந்தது செத்தவீட்டுக்கு."

முருகேசு கண்ணாடியைக் கழற்றினார். பிழை விட்ட ஆசிரியரைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தும் குரல் வந்தது. "புலம்பல் எண்டால் அப்பிடித்தான் பிள்ளை. உன்ர அப்பாவின்ரயைப் பார். டுபாயில இருந்துகொண்டே மனுஷன் பாடை தூக்கியிருக்கிறார். ஆர் கேக்கப் போறான்?"

"இதில என்ர பேர் கிடக்கு. எடுத்துவிடுங்கோ."

"எடுத்தால் பக்கம் வெறுமையாக் கிடக்கும். பின்னேரம் நாலு மணிக்கு மெசின் ஓடும். அதுக்கு முதல் நீயே ஏதாவது எழுதிக்கொண்டு அச்சகத்துக்கு வா. இல்லாட்டி இதுதான்."

கார் போய்விட்டது. லக்சாயினி ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு முற்றத்து வேம்பின் கீழ் உட்கார்ந்தாள். 'எனது அம்மம்மா' என்று எழுதினாள். ஐந்தாம் வகுப்புக் கட்டுரை மாதிரி இருந்தது. வெட்டினாள்.

என்ன தெரியும் அம்மம்மாவைப் பற்றி? விடிய மூன்றரைக்கு எழும்புவார். வள்ளம் வரும்போது கரையில் நிற்பார். மீனைப் பிளந்து, கழுவி, உப்புத் தொட்டியில் போட்டு, அடுத்த நாள் எடுத்துத் தட்டியில் பரப்புவார். வெயில் ஏற ஏறப் பிரட்டுவார். காகம் கலைப்பார். இவ்வளவும் சல்லியில் எந்தப் பெண்ணும் செய்வது. இது அம்மம்மா இல்லை, இது வேலை. வேலையைக் கழித்துவிட்டு அம்மம்மாவை எழுதலாம் என்றால் எழுத ஒன்றும் மிஞ்சவில்லை.

குசினி வாசலில் வந்து நின்ற கோணேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எழுதிப்போட்டியா?"

"இல்லையம்மா."

"எழுது. என்னைப் பற்றியும் ஒரு வரி எழுது. தாயைத் தனிய விட்டுட்டுக் கோயிலுக்குப் போன மகள் எண்டு."

முப்பது நாளாக இதே வரிதான். அன்றைக்கு அம்மன் கோயிலில் ஒரு மணித்தியாலப் பூசை. அதற்குள் திடீர் மழை. கொடியில் கிடந்த உடுப்பை எடுக்கப் போன அம்மம்மா முழுக்க நனைந்து, சறுக்கி விழுந்து, எழும்ப மாட்டாமல் மழையிலேயே கிடந்திருக்கிறார். கோணேஸ்வரி திரும்பி வந்தபோதுதான் கண்டது. அன்றிரவே காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி நாலாம் நாள் முடிந்தது. "நான் அண்டைக்கு வீட்டில நிண்டிருந்தால்" என்று தொடங்கும் வசனத்தைக் கோணேஸ்வரி இன்றுவரை முடித்ததில்லை.

பதினொரு மணிபோலப் பின்படலையில் ஓட்டோ சத்தம் கேட்டது. தோப்பூர் சனூஸா, ஒரு மூட்டை பச்சையரிசியோடு இறங்கினாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இருபத்தைந்து வருஷமாக அம்மம்மாவிடம் கருவாடு எடுத்துத் தோப்பூர் சந்தையில் விற்கிறவள்.

"முன்னால வாங்கோ மாமி."

"வேணா மகள். காலைல ஒங்கட மாமாட கார் நிக்கிதெண்டு ஓட்டோக்காரன் சொன்னான். அவருக்கு என்னக் கண்டா கருவாட்டு மணம் வருமாம்." கண்ணைச் சிமிட்டினாள். "இது நாளைக்கிச் சோத்துக்கு. எங்கட வயல் நெல்லு. கோணேஸ்ட்டக் குடு."

ஆஸ்பத்திரியில் அந்த நாலு நாளில் மூன்று நாள் அம்மம்மாவுக்குக் கஞ்சி பருக்கியது இந்தச் சனூஸாதான். கோணேஸ்வரிக்கு அப்போது கையும் காலும் ஓடவில்லை. கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் 'நன்றி நவில்கின்றோம்' என்று முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். பந்தல்காரரும் இருந்தார், ஒரு மலர்வளையம் அனுப்பிவிட்டுத் தலைகாட்டாத அதிகாரியும் இருந்தார். சனூஸா இருக்கவில்லை.

இரண்டு பேருமாக மூட்டையைப் பின்கொட்டிலுக்குள் இழுத்து வைத்தார்கள். தீட்டுக் கழியாத துடக்கு வீட்டில் மீன் வாடையே கூடாது என்று முருகேசு உத்தரவு போட்டதால், அம்மம்மா கருவாடு வைக்கும் ஓலைக் கடகம் இந்தக் கொட்டிலின் கூரை வளையில்தான் தொங்கியது. சனூஸா எட்டி அதை இறக்கினாள். உரிமையுள்ள கை.

"நல்லம்மாக்கா கடைசியாப் போட்ட பாட்டம்" என்றாள். உள்ளே கட்டா மீன் கருவாடு, ஒரு முழ நீளம். "நல்லம்மாக்காக்கு எழுத்துத் தெரியாதுதானே. வால்ல எழுதுவா. பாரு."

லக்சாயினி பார்த்தாள். வாலின் விளிம்பில் கத்தியால் வைத்த சின்ன வெட்டு. இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் பார்த்து, ஒருபோதும் பார்க்காத வெட்டு.

"ஒரு வெட்டு டவுன் கடைக்கி. நடு உப்பு. ரெண்டு வெட்டு எனக்கு. எங்கட வயல்காரனுக்கு உப்பு உறைக்கணும். தட்டியில ஒண்டாக் காஞ்சாலும் மாறாது."

"மூண்டு வெட்டும் கிடக்கு."

"தெரியாத மாதிரிக் கேக்குற" என்று சனூஸா சிரித்தாள். "ஒனக்குத்தான். உப்புக் கூடிப்போச்சுண்டு சொன்னியாமே? கெழவி அதுக்குப் பொறகு பட்ட பாடு! உப்புக் கொறஞ்சா வெயில் கூட வேணும் மகள். மூணு நாள்ல காயிறது ஏழு நாள் எடுக்கும். இலையான் மொய்க்கும். பக்கத்தில குந்திட்டே இரிக்கணும். அதையும் வச்சிப் பாவிக்க ஏலா, ஒரு மாசத்தில பூத்திரும். அதால நீ வாறன் வாறண்டு சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தரமும் புதுசாப் போட்டா. சித்திரை வருசத்துக்குப் போட்டா. தீவாளிக்குப் போட்டா. கார்த்திகை வெளக்கீட்டுக்கும் போட்டா. எனக்கிட்டச் சொல்லிச் சிரிப்பா, கொழும்புக்குப் போனதும் புள்ளைட நாக்கு மெலிஞ்சி போச்சுண்டு."

லக்சாயினி கடகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அந்தக் கருவாட்டைச் சாப்பிட்டதே இல்லை.

முதல் பொட்டலத்தை வெள்ளவத்தை அறைக்குக் கொண்டுபோன அன்று கூட இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறந்தார்கள். அதைக் குப்பை வாளியில் போட்டாள். அதற்குப் பிறகு சல்லிக்கு வந்துபோன ஒவ்வொரு தடவையும் அம்மம்மா நாலு கடதாசியில் சுற்றித் தந்ததைக் கும்பிட்டு வாங்கி, பஸ் சீட்டுக்குக் கீழே வைத்து, வெள்ளவத்தையில் அதை விட்டுவிட்டு இறங்கினாள். ஆறு பொட்டலம். 'எப்பிடிப் பிள்ளை கருவாடு?' என்று அம்மம்மா போன் எடுத்துக் கேட்பார். சும்மா நல்லம் என்றால் நம்பமாட்டார் என்று, நம்புவதற்காக ஒரு குறை சேர்த்தாள். 'நல்லாயிருந்தது அம்மம்மா. உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு.'

அவ்வளவுதான் சொன்னது. கம்பனியில் ஒரு நாளைக்கு அதைவிடப் பெரிய பொய் பத்துச் சொல்வாள்.

"மாரி மழைக்க ஆரும் கருவாடு போடுவாங்களா?" சனூஸா தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனாள். "இந்தக் கரையில ஒருத்தரும் போடல்ல. நாலு நாள் வெயில் அடிச்சதும் கெழவிக்கி ஆசை. புள்ளை வெளக்கீட்டுக்கு வருதுண்டு சொன்னா. நீ வரல்ல. ரெண்டு நாள் பிந்தி வருவாய்ண்டு காய விட்டா. பொறகு அந்த மழை."

"அம்மம்மா உடுப்பு எடுக்கத்தானே போனவ?"

"உடுப்பா? எந்த உடுப்பு? தட்டியில கெடந்த கட்டாவ அள்ளத்தானே..." சனூஸா சட்டென்று நிறுத்தினாள். நாக்கைக் கடித்தாள். "யா அல்லாஹ். கோணேஸ் ஒனக்கிட்டச் சொல்லல்லையா?"

குசினியில் உலக்கை ஒரே அளவாக விழுந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்குத் தெரியும். மழைக்குள் அம்மம்மா எதை அள்ளப் போனார், யாருக்காகப் போனார் என்று முப்பது நாளாகத் தெரியும். மகள் தாங்கமாட்டாள் என்று உடுப்பென்று மாற்றிச் சொல்லி, பழியைத் தன் கோயிலில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, அதையே தினமும் இடித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அம்மாவுக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. உப்புக் கூடிப்போச்சு என்று மகள் சொன்னதே பொய் என்பது.

"ஆஸ்பத்திரியில கஞ்சி குடிக்கக்குள்ள அம்மம்மா ஏதும் கேட்டவவா மாமி?"

சனூஸா குசினிப் பக்கம் திரும்பினாள். சொல்லலாமா என்று பார்த்தாள். "மூணு வெட்டு நனைஞ்சிட்டாண்டு கேட்டா. இல்ல, கோணேஸ் எடுத்து வச்சிட்டாண்டு சொன்னன். படுத்துட்டா."

லக்சாயினி மூன்று வெட்டு விழுந்தவற்றைக் கையில் எடுத்தாள். எல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் பூக்காமல், கல் மாதிரி இறுகி இருந்தது. வாலில் வெட்டே இல்லை.

"இது ஆருக்கு?"

"அதுவா. ஒவ்வொரு பாட்டத்திலயும் ஒண்டு வெட்டாம வைப்பா. நல்ல கட்டி உப்புல. ஒரு வருசம் கெடந்தாலும் கெடாது. ஆருக்குண்டு கேட்டா, கேக்கிறவருக்கு எண்டுவா. ஒருத்தரும் கேக்க வரல்ல. அடுத்த பாட்டம் போடக்குள்ள பழசைத் தானே பொரிச்சித் தின்னுருவா."

மூன்று மணிக்கு லக்சாயினி ஓட்டோவில் டவுனுக்குப் போனாள். கையில் கொப்பித் தாள் ஒன்று, பத்திரிகையில் சுற்றிய பொட்டலம் ஒன்று. 'ஏன் பிள்ளை முகம் இப்பிடிக் கிடக்கு' என்று வாசலில் தாய் கேட்டாள். வந்து சொல்கிறேன் என்றுவிட்டு லக்சாயினி ஏறினாள்.

அச்சகத்தில் சித்திரவேலின் மேசைக்குப் பின்னால் அவருக்குப் போர்த்திய பொன்னாடைகள் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கியிருந்தன. கணினியில் நாலு கோப்பு: விவசாயி, ஆசிரியர், சமாதான நீதவான், இல்லத்தரசி. இந்த மாவட்டத்தில் எவர் செத்தாலும் இந்த நாலில் ஒன்றாகத்தான் சாகவேண்டும். நல்லம்மா இல்லத்தரசிக்குள் போயிருந்தார்.

"தங்கச்சி கோவிச்சுக்கொண்டவவாம்" என்றார் கவிமாமணி. "நாலு நாள் எண்டு போட்டால் சந்தம் உடையும். அதுதான் பத்தாறு."

"உங்கட பாட்டு வேண்டாம் ஐயா. இதைப் போடுங்கோ."

தாளை முருகேசுதான் வாங்கினார். வாய்விட்டு வாசிப்பது அவர் பழக்கம். தொண்டையைச் செருமி, சபைக்கு வாசிக்கிற குரலில் தொடங்கினார்.

"'அம்மம்மா சுற்றித் தந்த கருவாட்டில் ஆறு பொட்டலத்தை நான் கொழும்பு பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினேன். சாப்பிட்டேன், உப்புக் கூட என்று பொய் சொன்னேன். அவர் எனக்காக உப்பைக் குறைத்தார். உப்புக் குறைந்தால் அதிக நாள் காயவேண்டும் என்று எனக்குத் தெரியாது. விளக்கீட்டுக்கு வருகிறேன் என்றேன், வரவில்லை. அவர் மழைக்குள் போனது உடுப்பு எடுக்க அல்ல, எனக்குக் காயவைத்ததை எடுக்க...'"

சபைக் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. கடைசி வரியை அவர் சத்தமில்லாமல்தான் வாசித்தார்.

சித்திரவேல் எட்டிப் பார்த்தார். "சேர், இது புலம்பல் இல்லையே. வாக்குமூலம். நாளைக்கு முந்நூறு பேர் கையில போகப்போகுது. கருவாடும் கிடக்கு."

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார் முருகேசு.

முதல் வரிக்கு விரலைக் கொண்டுபோனார். பிறகு அச்சகத்துக்குள் வேறு யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல, "ஆறு பொட்டலமா?" என்றார்.

"ஓம் மாமா. ஒவ்வொண்டிலயும் வாலில மூண்டு வெட்டு இருந்திருக்கும். அது எனக்கெண்டு அடையாளம். சனூஸா மாமி சொன்னவ."

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வெட்டா?"

"ஓம்."

அறுபது வயது மனிதர். மாகாணத்துக்கே சுற்றறிக்கை அனுப்பியவர். கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"எனக்கு எத்தனை?"

லக்சாயினி பொட்டலத்தை மேசையில் வைத்து அவிழ்த்தாள். கவிமாமணி கதிரையைப் பின்னால் தள்ளினார்.

"உங்களுக்கெண்டு அவ சொல்லேல்ல மாமா. ஒவ்வொரு பாட்டத்திலயும் வெட்டாமல் ஒண்டு வச்சிருந்தவவாம். கட்டி உப்பில, கெடாமல். ஆருக்கெண்டு கேட்டால் கேக்கிறவருக்கு எண்டவவாம்."

பாலையூற்றில் புதிதாகக் கட்டிய மாடிவீட்டின் குடிபூரல் அன்று, பெரியாட்கள் வந்துபோகிற வீடு, கருவாடு மட்டும் கொண்டுவர வேண்டாம் அம்மா என்று அவர் சொன்னது லக்சாயினிக்கும் தெரியும். அப்போது அவளுக்குப் பத்து வயது. அம்மம்மா ஓம் தம்பி என்று சொல்லி, கடகத்தை வெளியே ஓட்டோவில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் கொண்டுபோனதில்லை.

"நான் கேக்கேல்ல" என்றார் முருகேசு. "பதினெட்டு வருஷமாக் கேக்கேல்ல."

அவர் அழுதார் என்று எழுதினால் சித்திரவேலின் புலம்பலோடு சேர்த்துவிடுவீர்கள். அவர் அழவில்லை. கருவாட்டைப் பத்திரிகையில் மறுபடி சுற்றி, தன் கைப்பைக்குள், சமாதான நீதவான் முத்திரைக்குப் பக்கத்தில் வைத்துச் சிப்பை இழுத்தார். சிவப்புப் பேனையை எடுத்தார். மூன்றாம் பக்கத்தில் முன்னோடிப் பெண் தொழில் முனைவரை ஒரே கோடாக வெட்டி, மேலே 'கருவாடு போட்டார்' என்று எழுதினார். கடைசிப் பக்கத்தில் மலர்வளையம் அனுப்பிய அதிகாரியை வெட்டி, 'தோப்பூர் சனூஸா' என்று எழுதினார்.

தன்னுடைய ஏழு பக்கத்திலும் ஓர் எழுத்தைக் கூடத் தொடவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் எதிர்பார்க்கக் கூடாது.

"பதினேழாம் பக்கம் சேர்?" என்றார் சித்திரவேல். "மெசின் நிக்குது."

முருகேசு தாளை மருமகளிடம் நீட்டினார். "உன்ர அம்மா வாசிச்சவளா?"

"இல்லை."

"முந்நூறு பேருக்கு முதல் அவள் கேக்கட்டும். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் கிடக்கு. அவள் போடச் சொன்னால் போடுவம். வேண்டாமெண்டால் பக்கம் வெறுமையாப் போகட்டும்."

லக்சாயினி வெளியே வந்தாள். உட்துறைமுகத்துப் பக்கம் ஏதோ கப்பல் ஊதியது. அது ஓயும்வரை நின்றாள். நம்பரை அழுத்தினாள். மறுபக்கத்தில் முதலில் கேட்டது குரல் அல்ல, உலக்கை. கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு இடிக்கிறாள்.

"சொல்லு பிள்ளை. எழுதிக் குடுத்திட்டியா?"

"எழுதிட்டன் அம்மா. அடிக்க முதல் உங்களுக்கு வாசிக்கச் சொல்லி மாமா சொன்னவர்."

"பெரியவரா? அதிசயமாக் கிடக்கு. சரி வாசி, கை வேலையா நிக்கிறன்."

தாளைப் பார்த்தாள். முதல் வரியில் பஸ் இருந்தது. கடைசி வரியிலிருந்து தொடங்கினாள்.

"'எனது அம்மா அன்று கோயிலுக்குப் போனது பிழையே இல்லை.'"

உலக்கைச் சத்தம் நின்றது.

கடற்காற்றில் தாள் படபடத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து சித்திரவேல் மணிக்கூட்டைக் காட்டிச் சைகை செய்தார்.

"லக்சா" என்றாள் கோணேஸ்வரி. அந்தக் குரலை அவள் இதற்குமுன் கேட்டதில்லை. "அதுக்கு மேல என்ன எழுதிக் கிடக்கு?"